மூன்றாவது பத்தி

அத்தியாயம் 9

காலை ஏழேகாலுக்கு அப்பாவின் போனில் மெசேஜ் வந்தது.

'இன்றைய வேலை: சைட் 14. மூன்றாவது லிஃப்ட். கதவில் சத்தம்.'

அப்பா போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்து அவர் பெயரை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லையோ, ஞாபகம் வரவில்லையோ, தினமும் வேலை வந்துகொண்டேயிருந்தது. அம்மா அதை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. எடுத்துப் படிப்பாள். "கதவுல சத்தமாம்" என்பாள், பொதுவாக. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எட்டு வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு நடந்தது தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக நாலு வரி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்தொரு வருஷ சர்வீஸ். பதினாலு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்துகொண்டிருந்தார். மொட்டை மாடி மெஷின் ரூமில் யாரோ மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். கூண்டு கிளம்பிவிட்டது. போட்டது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்பாவின் தம்பியும் அதே கம்பெனி மெக்கானிக்தான். அன்றைக்கு அதே கட்டடத்தில்தான் வேலை. ஆனால் தான் கீழ்த்தளத்தில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வருகிறார்.

அதற்கு முன்னால், இன்று சாயங்காலம் நாலு மணிக்கு, கம்பெனியில் இரங்கல் கூட்டம்.

நாளைக் காலை மகளுக்கு இங்கிலீஷ் பரீட்சை.

மகளுக்கு அந்த வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். ஆறு வயசிலேயே எதையும் ஒரே பேச்சில் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று அப்பா வைத்தது. இப்போது பதினேழு. இந்தப் பதினெட்டு நாளில் வக்கீல் யாரிடமும் எதற்கும் வாதாடவில்லை. அழவும் இல்லை. வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாம், "அழுதுடும்மா, உள்ளேயே அடக்கி வைக்காத" என்று சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவள் அடக்கி வைக்கவில்லை. அடக்கி வைக்க உள்ளே ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ என்று இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

பரீட்சைக்கு ஆறு பேச்சுகள். சரித்திரத்தில் பேர் பெற்றவை. போர்க்களத்துக் கல்லறைகளுக்கு நடுவே லிங்கன் பேசியது, கோர்ட்டுக் கூண்டில் நின்று மண்டேலா பேசியது என்று வரிசையாக. லிங்கனுக்கு முன்னால் பேசியவர் இரண்டு மணி நேரம் பேசினாராம். லிங்கன் இரண்டே நிமிஷம். மண்டேலா மணிக்கணக்காகப் பேசி, வேண்டுமானால் உயிரையும் தரத் தயார் என்று முடித்தார். அதை வகுப்பில் வாசித்த அன்றைக்கு முன்பெஞ்சுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வக்கீல் மார்ஜினில் பென்சிலால், 'சொன்னதையே திரும்பச் சொல்லுதல்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

ஒவ்வொரு பேச்சையும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லியிருந்தார் இங்கிலீஷ் மிஸ். யார், யாரிடம் பேசுகிறார்? அவர்களை என்ன செய்யவைக்கப் பார்க்கிறார்? அதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்?

"கைதட்டற வரியை விட்டுடுங்க. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். தலையாட்டற வரியைத் தேடுங்க" என்பார் மிஸ்.

எட்டரைக்கு அம்மா கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினாள். லென்ஸ் பொருத்துகிற வேலை. பத்தாம் நாளே திரும்பப் போய்விட்டாள். வீட்டில் இருந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுப் போட்டே கை விட்டுப்போகிறது என்றாள். அதுவும் ஒரு காரணம்தான்.

"சித்தப்பா ஒரு பேப்பர் கொண்டுவருவார். வாங்கி வை. சாயங்காலம் நான் படிக்கணுமாம்."

"நீ பேசணுமா?"

"பேச வேணாம். எழுதித் தர்றாங்க. படிச்சாப் போதும்."

சித்தப்பா பத்து மணிக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை. எப்போதும் வந்ததும் வராததுமாக, "என்ன வக்கீல், இன்னிக்கு யார் மேல கேஸ்?" என்று கேட்கிறவர், நிலைப்படியிலேயே நின்று ஒரு கவரை நீட்டினார். இந்தப் பதினெட்டு நாளில் பத்து கிலோ இறங்கிவிட்டார் போலிருந்தது. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி வளையம்போல் தொங்கியது.

"ஒரே பக்கம்தான். நாலு பாரா. இங்கிலீஷ்ல இருக்கு. ஹெட் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க, வீடியோ எடுக்கறாங்க. அண்ணிக்கு நீ கொஞ்சம் அதையே தமிழ் எழுத்துல எழுதிக் குடுத்துடு. பார்த்துப் படிச்சுடுவாங்க."

"அம்மாவுக்கு அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் எதுக்கும்மா. எல்லாம் அண்ணனைப் பத்தி நல்ல வார்த்தைதான்."

சொல்லிவிட்டு, டீகூட வேண்டாமென்று போய்விட்டார்.

வக்கீல் பேப்பரைப் பாட நோட்டின் மேலேயே விரித்து வைத்தாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுத ஆரம்பித்தாள். 'டியர் ஃப்ரெண்ட்ஸ்.' 'மை ஹஸ்பண்ட்.' அதில் சிரமம் ஒன்றுமில்லை. கை தானாகப் போனது.

முதல் பத்தி, வந்தவர்களுக்கு வணக்கம். இரண்டாவது பத்தி, இருபத்தொரு வருஷம், இந்தக் கம்பெனியை அவர் இன்னொரு குடும்பமாக நினைத்தார். மூன்றாவது பத்திக்கு வந்தாள்.

'வாடிக்கையாளரைக் காக்கவைப்பது அவருக்குப் பிடிக்காது. தன் சிரமத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பூட்டுக்கோ, சாவிக்கோ, அனுமதிக்கோ அவர் காத்திருந்ததில்லை.'

கடைசி வரிக்குக் கீழே, 'ஹி நெவர் வெய்ட்டட்' என்று எழுதி முடித்த பிறகுதான் பென்சில் நின்றது.

மூன்றாகச் சொல்லுதல். நாளைக்கு நிச்சயம் கேட்பார்கள். மிஸ் அதை இப்படி நடத்தியிருந்தார்: "முதல் ரெண்டும் உண்மையா இருந்தா, மூணாவது டிக்கெட் வாங்காமலே உள்ள போயிடும்."

முதல் இரண்டும் உண்மைதான். சாப்பாட்டில் கை வைத்தபிறகு போன் வந்தாலும் அப்பா எழுந்து போவார். முழங்கால் வீங்கினாலும் படியேறுவார்.

மூன்றாவது?

கம்பெனியில் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு சிவப்புப் பூட்டு கொடுப்பார்கள். மெயினை அணைத்து, சுவிட்சைத் தன் பூட்டால் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் கூண்டின் மேல் ஏற வேண்டும். பூட்டு தொங்கினால் வேறு யாராலும் சுவிட்சைப் போட முடியாது. அன்றைக்கு அப்பாவின் பூட்டு சுவிட்சில் இல்லை. அவருடைய டூல்ஸ் பைக்குள் இருந்தது என்று கம்பெனி சொல்கிறது. அவர் போடவே இல்லையா, போட்டதை யாராவது கழற்றினார்களா என்பதுதான் திங்கட்கிழமை விசாரணை.

யார், யாரிடம் பேசுகிறார்? அம்மா, ஹெட் ஆபீஸ்காரர்களிடமும் ஒரு கேமராவிடமும்.

என்ன செய்யவைக்கப் பார்க்கிறார்? அதற்கும் பதில் தெரிந்தது. புருஷனுக்குப் பூட்டு போடும் வழக்கமே கிடையாது என்று பெண்டாட்டியே வாயால் சொல்லி, அதை எல்லோரும் கேட்டுத் தலையாட்ட வேண்டும்.

எந்த இடத்தில் வைத்திருக்கிறார்? பாராட்டுக்கு நடுவில்.

வேறு யாராவது என்றால் பேப்பரைக் கசக்கி எறிந்திருப்பார்கள். வக்கீல் தனக்குக் கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. நான்காவது பத்திக்கும் உச்சரிப்பு எழுதி முடித்தாள். கையெழுத்து ஒழுங்காகவே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

கடையின் பின்னறையில் அம்மா லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் மெஷின் முன்னால் இருந்தாள். சக்கரத்தில் தண்ணீர் சொட்ட, கண்ணாடி சன்னமாகக் கீச்சிட்டது. பக்கத்தில் ஒரு பெண்மணி தன் புது ஃபிரேமுக்காகக் காத்து நின்றாள். அம்மா லென்ஸைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சூடு காட்டிய ஃபிரேமுக்குள் ஒரு அழுத்தில் உட்காரவைத்தாள்.

"போட்டுப் பாருங்க. இப்ப தெரியுதா?"

"பளிச்சுனு இருக்கும்மா."

அந்தப் பெண்மணி போனதும் மகள் பேப்பரை மேஜையில் வைத்தாள். மூன்றாவது பத்தியை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். அம்மா அடுத்த லென்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் இதைப் படிச்சா?"

"அப்பாதான் பூட்டு போடலன்னு நீயே சொன்ன மாதிரி ஆயிடும். வீடியோவுல இருக்கும். திங்கக்கிழமை போட்டுக் காட்டுவாங்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ம்."

அம்மா துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தாள். ஏற்கெனவே தூசு இல்லை.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"போய்ச் சாப்பிடு. மூணு மணிக்கு வந்துடு."

மூன்று மணிக்குச் சித்தப்பா கம்பெனி வேனைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். பின்பக்கம் முழுக்கக் கேபிள் சுருளும் கிரீஸ் டப்பாவும். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இரண்டாவது சிக்னலில் வக்கீல் ஆரம்பித்தாள்.

"சித்தப்பா, மூணாவது பாராவைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்பா பூட்டு போட மாட்டார்னு இருக்கு."

"அப்படியா இருக்கு? அவர் சுறுசுறுப்பைச் சொல்றாங்க."

"சுறுசுறுப்பைச் சொல்ல பூட்டு எதுக்கு?"

சிக்னல் பச்சையானதும் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். கியர் சரியாக விழாமல் வேன் ஒரு குலுக்குக் குலுக்கியது.

"இதோ பாரும்மா. எழுதினதை மேலிடம் வரைக்கும் காட்டி ஓகே வாங்கியாச்சு. நான் வாக்கு குடுத்துட்டேன். கடைசி நேரத்துல எதையாவது மாத்தினா என் தலை உருளும். அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. போனவர் திரும்பி வரப்போறாரா? ரெண்டு நிமிஷம் படிச்சுட்டு வந்துட்டா முடிஞ்சுது."

"அவர் போட மாட்டாரா தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"என்ன அண்ணி?"

"பூட்டு. கூட வேலை பார்த்தவர் நீங்க. பதினோரு வருஷம். அவர் பூட்டு போட மாட்டாரா?"

சித்தப்பா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ரோடு நேராகத்தான் போனது.

"எல்லா நாளும் எல்லாரும் போடறதில்ல அண்ணி."

"சரி. வண்டியைப் பார்த்து ஓட்டுங்க."

வேன் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தது.

கூட்டம் பயிற்சிக் கூடத்தில். சுவரோரமாக, எங்கேயும் போகாத ஒரு மாதிரி லிஃப்ட் நின்றிருந்தது. புது ஆட்கள் பழகுவதற்காக. அதன் மூடிய கதவுக்கு முன்னால் ஸ்டாண்டு வைத்து அப்பாவின் படத்தை மாட்டியிருந்தார்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. பெரிதாக்கியதில் முகம் கலங்கி, அவருடைய அண்ணன் என்று ஒருவர் இருந்தால் அவர் மாதிரி இருந்தது.

அறுபது மெக்கானிக்குகள் யூனிஃபார்மோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹெட் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர். மேனேஜர் பேசினார். வக்கீலுக்குப் பழக்கதோஷம், எண்ணினாள். 'குடும்பம்' என்ற வார்த்தை ஏழு இடத்தில். 'துரதிர்ஷ்டம்' நாலு. 'சுவிட்ச்' ஒரு இடத்தில்கூட இல்லை.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா பேப்பரோடு போய் மைக் முன்னால் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதல் பத்தியைப் படித்தாள். கண் பரிசோதனைப் பலகையில் எழுத்துகளைச் சொல்லுகிறவர்கள் மாதிரி, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. இரண்டாவது பத்தியையும் அப்படியே படித்தாள். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பிறகு, "தேங்க் யூ ஆல்" என்றாள். அது நான்காவது பத்தி.

மேனேஜர் எழுந்து பக்கத்தில் வந்தார். குரலில் அக்கறை வழிந்தது.

"மேடம், ஒரு பாரா விட்டுப்போச்சு. பரவாயில்ல, தண்ணி குடிங்க. நிதானமா அங்கிருந்து எடுத்துக்கலாம். வீடியோல கட் பண்ணிக்குவாங்க."

"விட்டுப்போகல சார். நான்தான் விட்டேன்."

மைக் திறந்தே இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

"அதுல இருக்கறது எனக்குத் தெரியாது. அவர் பூட்டு போட்டாரா இல்லையான்னு நான் பார்க்கல. நான் கண்ணாடிக் கடையில இருந்தேன். தெரியாததை எப்படி சார் நான் சொல்றது?"

"மேடம், அது சும்மா ஒரு..."

"தெரிஞ்சவங்க யாராவது இங்க இருப்பாங்க. அவங்க வந்து சொல்லட்டும். தமிழ்லயே சொல்லலாம்."

அம்மா அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கடையில், 'நாளைக்கு ரெடியாயிடும், வந்து வாங்கிக்கோங்க' என்று சொல்லுகிற அதே குரல். பேப்பரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. தலையாட்டவும் இல்லை. ஹெட் ஆபீஸ்காரர்களில் ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ கேட்டார். மெக்கானிக்குகள் எல்லோரும் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோருமா? வக்கீல் வரிசை வரிசையாகப் பார்த்தாள். கடைசி வரிசையில் இரண்டு பேர் ஷூவைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தார்கள். ஒரே ஒரு நொடி. அவள் கவனிப்பது தெரிந்ததும் அவர்களும் குனிந்துகொண்டார்கள்.

அவளுக்குப் பென்சில் வேண்டும்போல் இருந்தது. எந்த மார்ஜினில் எழுதுவது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போதும் சித்தப்பாதான் வேனை ஓட்டினார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால், சித்தப்பாவும் கூடவே இறங்கினார். மூன்று பேரும் லிஃப்ட்டில்தான் ஐந்தாவது மாடிக்குப் போனார்கள். படிக்கட்டு இருந்தது, யாருக்கும் தோன்றவில்லை. கூண்டு மேலே ஏறியபோது அம்மா எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா தரையைப் பார்த்தார்.

அம்மா கதவைத் திறந்தாள். சித்தப்பா காலையில் நின்ற அதே நிலைப்படியில் நின்றார்.

"உள்ள வாங்க தம்பி."

"இல்ல அண்ணி." தொண்டையைச் செருமினார். "அந்த மூணாவது பாரா... அது ஆபீஸ்ல எழுதினதில்ல."

அம்மா திரும்பினாள்.

"அண்ணனைத் தெரிஞ்சவங்க யாராவது ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டாங்க. நான் சொன்னேன். நான் சொன்னதைத்தான் இங்கிலீஷ்ல போட்டாங்க."

"ஏன் சித்தப்பா?" என்றாள் வக்கீல்.

பதினெட்டு நாளில் முதல்முறையாக அவள் குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா கையை உயர்த்திவிட்டாள். போதும் என்பதுபோல, அல்லது, இப்போது வேண்டாம் என்பதுபோல.

"நாளைக்கு இவளுக்குப் பரீட்சை. பன்னிரண்டரைக்கு முடியும். ஒரு மணிக்கு மேல வாங்க தம்பி. வந்து சொல்லுங்க."

"அண்ணி, இப்பவே சொல்லிடறேன். நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்குமோ இருக்காதோ..."

"இவ படிக்கணும்" என்றாள் அம்மா. "இவ இதை எழுதி முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் எதையும் கேட்கறதா இல்ல."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தம் வந்தது.

"உட்கார்ந்து படி கண்ணு" என்றாள் அங்கிருந்து.

வக்கீல் உட்காரவில்லை. கதவோரம் நின்று காது கொடுத்தாள். லிஃப்ட்டைக் கூப்பிட்டால் இரண்டு நொடியில் கீழேயிருந்து மோட்டார் முனகும். முனகவில்லை. படியில் இறங்கினால் சித்தப்பாவின் வேலைப் பூட்ஸ் நாலு மாடிக்குக் கேட்கும். கேட்கவில்லை.

கதவின் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.